ஃபேன் பெல்ட்டைக் கழற்றியவர்

அப்பாவின் துணிகளை என்ன செய்வது என்று அம்மாவும் நானும் முடிவெடுக்காமல் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த ஒரு நாளில், சங்கத்துச் செயலாளர் வீட்டுக்கு வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். தண்ணீர் வேண்டாம் என்றார். பிறகு வாங்கிக் குடித்தார்.

"வர்ற ஞாயித்துக்கிழமை நீதாம்மா சொல்லணும். அப்பாவோட ஆத்துக் கதை. அவர் சொன்ன மாதிரியே."

"சரிங்க சார்."

"கூட்டாம, குறைக்காம. நம்ம வழக்கம் தெரியுமில்ல?"

தெரியும். முன்னாள் படைவீரர் சங்கம் என்பது சைக்கிள் கடைக்கு மேல் மாடியில் ஒரு நீள அறை. மடக்கு நாற்காலிகள், ஒரு மேஜை, சுற்றும்போது முனகும் மின்விசிறி. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கூடுவார்கள். ஒருவர் எழுந்து தன் படை வாழ்க்கையிலிருந்து ஒரு நினைவைச் சொல்வார். மற்றவர்கள் கேட்பார்கள். டீ வரும். கலைந்துவிடுவார்கள்.

ஆரம்ப காலத்தில் இரண்டு பேர் ஒரே சம்பவத்தை ஆளுக்கு ஆள் தன்னுடையது என்று சொல்லி, நாற்காலியைத் தூக்கும் அளவுக்குப் போய்விட்டார்களாம். அன்றைக்குப் போட்ட விதி இது: அடுத்தவன் கதையை யாரும் எடுக்கக் கூடாது. ஒருவர் எழுந்து நின்று சொல்லிவிட்டால் அது அவருடையது. அவர் இறந்தால் வீட்டில் ஒருவர் வந்து அதை அவர் சொன்னபடியே கடைசியாக ஒரு தடவை சொல்ல வேண்டும். அதோடு அது அந்தக் குடும்பத்தின் பெயரில் முடிந்துபோகும். பிறகு யாரும் அதன் பக்கம் போக மாட்டார்கள். வெளியே இருப்பவர்களுக்கு இது சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரித் தெரியலாம். அந்த மாடியில் அப்படி இல்லை. பாதிப் பேருக்கு அந்த ஒரு கதையைத் தவிர அங்கிருந்து கொண்டுவந்தது வேறு ஒன்றும் கிடையாது.

அப்பாவின் கதை இதுதான்.

பாலம் உடைந்துவிட்டது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் காயம்பட்டவர்கள் கிடக்கிறார்கள். மருந்துப் பெட்டிகளோடு ஒரு லாரி இந்தப் பக்கம் நிற்கிறது. ஓட்டுபவர் இறங்கி எஞ்சின் மூடியைத் திறந்து ஃபேன் பெல்ட்டைக் கழற்றுகிறார். எண்ணெய்த் துணியால் மின்கம்பிகளைச் சுற்றிக் கட்டுகிறார். இடுப்பில் கயிறு கட்டிய உதவியாள் ஒருவன் கழியால் தரையைக் குத்திப் பார்த்துக்கொண்டே முன்னால் நடக்கிறான். முதல் கியர். நடு ஆற்றில் பெடல் ஓட்டைகள் வழியாகத் தண்ணீர் ஏறி முட்டி வரை வருகிறது. காலை எடுத்தால் எஞ்சின் நின்றுவிடும். எடுக்கவில்லை. கரை ஏறியாகிவிட்டது. அங்கே ஒரு அதிகாரி லாரியைப் பார்க்கிறார், பெட்டிகளைப் பார்க்கிறார், மேலிருந்து கீழ் வரை இவரைப் பார்க்கிறார்.

இந்த இடத்தில் அப்பா நிறுத்துவார். முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள்வார். குழந்தைகள் முன்கூட்டியே சிரிக்க ஆரம்பிக்கும்.

"'தொப்பி எங்கடா?'ன்னாரு."

அப்பா தலையைத் தடவிப் பார்த்து, மெதுவாகத் திரும்பி, ஆறு போகும் திசையில் கை காட்டுவார். மாடியே சிரிக்கும். எத்தனையாவது தடவை கேட்டாலும் சிரிக்கும்.

அப்பா மற்றபடி சிரிக்கவைக்கும் மனிதர் இல்லை. படையிலிருந்து வந்த பிறகு ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைப் பிரிவில் கொதிகலன் பார்க்கும் வேலையில் சேர்ந்தார். ஓய்வு பெறும்வரை அங்கேதான். நீராவியில் வெந்த முன்கைகள், எப்போதும் ஈரமான சட்டைக் காலர். வீட்டிலும் துணி அவர் பொறுப்பு. அம்மா தொட்டால் பிடிக்காது. ஒவ்வொரு சட்டையாக எடுத்து, பையை வெளியே இழுத்துத் தட்டி, உள்ளே இருந்ததை மேஜையில் வைத்துவிட்டுத்தான் நனைப்பார். பேருந்துச் சீட்டு, பென்சில் துண்டு, பொத்தான், எல்லாவற்றையும் யாருடையது என்று தனித்தனியாக வைப்பார். "இவர் வண்ணானாப் பொறந்திருக்க வேண்டியவர், தவறிப்போய் லாரி ஓட்டப் போயிட்டார்," என்று அம்மா கேலி செய்வாள். அவர் அடுத்த சட்டையின் பையை வெளியே இழுப்பார்.

லாரி ஓட்டியவர் வீட்டில் ஒரு ஸ்கூட்டர்கூட இல்லை. கேட்டால், "ஓட்டினதெல்லாம் போதும். அங்கேயே விட்டுட்டு வந்துட்டேன்," என்பார். எனக்கு அது நியாயமாகவே பட்டது.

நான் அழுத்தமானிகளைச் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறேன். ஒரு கருவி தவறாகக் காட்டினால் அது எங்கே தவறுகிறது என்று கண்டுபிடித்துத் திருத்த வேண்டும். அப்பாவின் கதையில் எனக்கு ஒரு தவறும் தெரிந்ததில்லை. பழைய பெட்ரோல் எஞ்சினில் விசிறி தண்ணீரை வாரி மின்பொறி வரும் இடத்தில் அடிக்கும், எஞ்சின் செத்துவிடும். பெல்ட்டைக் கழற்றிவிட்டால் விசிறி சுற்றாது. சரி. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் புகைக்குழாய் வழியாகத் தண்ணீர் உள்ளே ஏறும். அதுவும் சரி. யாரிடமோ கேட்டுச் சொல்வது மாதிரி இருக்காது. செய்தவர் சொல்வது மாதிரி இருக்கும்.

ஒரே ஒரு இடம் மட்டும் ஆடும். கழற்றிய பெல்ட்டை எங்கே வைத்தார் என்பது. சில தடவை சீட்டுக்கு அடியில் என்பார். சில தடவை உதவியாளிடம் கொடுத்தேன் என்பார். கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும் என்றால் எதைச் சொல்வது? அம்மாவுக்கும் தெரியவில்லை. "போய் உன் மாமாவைக் கேளு. அவர்தானே கூட இருந்தவர்," என்றாள்.

மாமா என்றால் ரத்த உறவில் மாமா இல்லை. அப்பாவோடு படையில் இருந்தவர். அம்மாவைத் தங்கச்சி என்றும் அப்பாவை மாப்பிள்ளை என்றும் கூப்பிட்டதால் எனக்கு மாமா ஆனவர். சங்கத்தில் எல்லோரும் அவரை டிரைவர் என்பார்கள். வெளியில் வந்தும் கடைசிவரை பள்ளிக்கூட வண்டி ஓட்டினார். அப்பாவின் அடக்கத்தின்போது என் பக்கத்தில் நின்றவர். அந்த மாடியில் கதையே சொல்லாத ஒரே ஆள் அவர்தான். முறை வரும்போதெல்லாம், "எனக்கு எதுவும் ஞாபகம் இல்லப்பா, அடுத்தவரைக் கூப்பிடுங்க," என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அத்தை எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பார்.

நான் போனபோது மாமா வாசலில் ஒரு பழைய குழாயைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அத்தை உள்ளே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"வாம்மா. அம்மா சாப்பிடறாளா?"

"சாப்பிடறாங்க மாமா."

"நீ?"

நான் படியில் உட்கார்ந்தேன். அவரும் வற்புறுத்தவில்லை. நான் விஷயத்தைச் சொன்னேன். உள்ளேயிருந்து அத்தை குரல் கொடுத்தார்.

"இவர்கிட்டயா கேக்குற? நல்லாக் கேட்டே போ. உங்கப்பா ஆத்துல வண்டி விட்டார். இவர் ஆஸ்பத்திரிக்கும் சலவைக்கும் துணி மூட்டை அடிச்சார். ஊமை கண்ட கனவு மாதிரி, கேட்டா ஒண்ணும் வராது!"

"நீ வெங்காயத்தைப் பாருடி," என்றார் மாமா.

"பாத்துக்கிட்டேதான் அழுவுறேன்."

மாமா சிரித்தார். குழாயின் ரப்பர் வளையத்தைத் துணியால் துடைத்தார்.

"சீட்டுக்கு அடியிலயா மாமா, உதவியாள்கிட்டயா? எது சரி?"

"ரெண்டும் இல்ல. சீட்டுக்கு அடியில வெச்சா தண்ணியில போயிடும். அவன் கையில கழி இருக்கு, கயிறு இருக்கு, அவன்கிட்ட எப்படிக் குடுக்கறது? கழட்டி மாலை மாதிரி கழுத்துல மாட்டிக்கிட்டேன். அது ஒரே கரி. சட்டைக் காலர் பூரா அப்பிக்கிச்சு. மாப்ளை அதைத் துவைச்சுத் துவைச்சுப் பாத்தான், போகவே இல்ல. 'கழுத்துல என்னத்தடா கட்டிக்கிட்டுத் திரிஞ்சே'ன்னு என்னைத் திட்டின திட்டு…"

அவர் கை நின்றது.

அவர் சொன்னதைத் திரும்ப மனதில் ஓட்டிப் பார்த்தேன். கருவியில் முள் ஒரு இடத்தில் நின்றுவிட்டால் தட்டிப் பார்ப்போம். தட்ட வேண்டியிருக்கவில்லை.

"மாமா. வண்டியை ஓட்டினது நீங்களா?"

அவர் வீட்டுக்குள் பார்த்தார். அத்தை தண்ணீரைத் திறந்துவிட்டு எதையோ கழுவிக்கொண்டிருந்தார். கேட்டிருக்காது.

"மெதுவாப் பேசு," என்றார்.

பிறகு அவர் சொன்னதை நான் அதிகம் இடைமறிக்கவில்லை. அப்பா சலவைப் பிரிவில் இருந்தார். படைக்கும் சலவைப் பிரிவு உண்டு, கொதிகலன் உண்டு. கள மருத்துவமனையிலிருந்து உடுப்புகள் மூட்டையாக வரும். மாமாதான் கொண்டுவந்து இறக்குவார். கொதிகலனில் போடுவதற்கு முன்னால் பைகளைப் பார்ப்பது அப்பாவின் வேலை. உயிரோடு இருப்பவன் உடுப்பா, இல்லாதவன் உடுப்பா என்று மூட்டையில் எழுதியிருக்காது. பையில் இருப்பதை எடுத்து மேஜையில் வைக்க வேண்டும். சீப்பு, பாதி சோப்பு, கடித்து மிச்சம் வைத்த பிஸ்கட்.

"அதெல்லாம் பரவாயில்ல. வீட்டுச் சாவிதான் அவனைப் படுத்தும். சில பசங்க வீட்டுச் சாவியைப் பையிலயே வெச்சிருப்பானுங்க. சண்டைக்கு வர்றவனுக்கு எதுக்குடா சாவி? ஆனா வெச்சிருப்பானுங்க. மாப்ளை அதை எடுத்துக் கையில வெச்சுக்கிட்டு நிப்பான். 'பூட்டு எங்கயோ இருக்கு மச்சான், யாரோ உள்ளேருந்து தொறந்து விடணும் இனிமே'ம்பான். அங்க இருந்த ரெண்டு வருஷமும் அதே வேலைதான்."

"அப்பா சொன்னதே இல்ல."

"எப்படிச் சொல்லுவான்? திரும்பி வர்றப்ப ரயில்ல என் பக்கத்துல உக்காந்திருக்கான். 'வீட்டுல கேப்பாங்களே, என்னத்தச் சொல்ல'ன்னான். அப்பா கேப்பார், மாமன் மச்சான் கேப்பான், பொண்ணு பாக்கப் போற எடத்துல கேப்பாங்க. துணி துவைச்சேன்னா சிரிப்பாங்க. பை பாத்தேன்னு சொன்னா சிரிக்க மாட்டாங்க, அது இன்னும் மோசம். நான்தான் 'என் ஆத்தை எடுத்துக்கோ மாப்ளே'ன்னேன். வண்டி ஓட்டுறவனுக்குக் கதைக்கா பஞ்சம், நான் வேற பாத்துக்கறேன்னு. ரயில்லயே சொல்லிச் சொல்லிக் குடுத்தேன். கியர், பெல்ட்டு, எல்லாம். தொப்பி மட்டும் அவனோடது. நெஜத்துல தொப்பி போனது ஒரு விஷயமே இல்ல, அவன்தான் அதைக் கொண்டுபோய்க் கடைசியில வெச்சான்."

இருவரும் வேறு வேறு ஊருக்குப் போவதாகத்தான் ஏற்பாடு. வேலை இருவரையும் ஒரே ஊரில் கொண்டுவந்து போட்டது. சங்கம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா பெருமை தாங்காமல் செயலாளரிடம், "இவருக்கு ஒரு கதை இருக்கு, கூப்பிடுங்க," என்று சொல்லிவிட்டாள். அப்பா எழுந்தார். மாமா இருந்த பக்கம் பார்த்தார்.

"நான்தான் 'சொல்லு மாப்ளே'ன்னு தலையாட்டினேன். விதி அதுக்கு முன்னாடியே போட்டாச்சே. சொன்னவனுக்குச் சொந்தம்."

"நீங்க வேற ஒண்ணு சொல்லியிருக்கலாமே மாமா. கதைக்கா பஞ்சம்னு சொன்னீங்களே."

அவர் குழாயை எடுத்து மூடியைத் திருகினார். மரை சரியாக விழவில்லை. கழற்றி மறுபடி திருகினார்.

"அப்புறம்தான் தெரிஞ்சுச்சு. வெளிய சொல்லக்கூடியதா இருந்தது அது ஒண்ணுதான். அதுலயும் பாதிதான்."

நான் எழுந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளங்கையில் கிரீஸ்.

"ஞாயித்துக்கிழமை அவன் சொன்னபடி சொல்லிடு. பெல்ட்டு கழுத்துல இருந்துச்சுன்னு வேணா சேத்துக்க. குடுத்ததைத் திருப்பி வாங்கற பழக்கம் எனக்கு இல்ல."

உள்ளேயிருந்து அத்தை கேட்டார்: "என்ன, ஏதாவது ஞாபகம் வந்துச்சா அந்த மகாராஜாவுக்கு?"

"வந்துச்சு அத்தை," என்றேன்.

"அதிசயம்தான். பத்திரமா எடுத்துட்டுப் போ."

அம்மாவிடம் உடனே சொல்லவில்லை. இரண்டு நாள் வேலைக்குப் போனேன். எதையும் இரண்டு தடவை அளந்தேன். மூன்றாம் நாள் காலை அம்மா அப்பாவின் சட்டைகளைக் கட்டிலில் பரப்பிவைத்துக்கொண்டு, மடிக்கவும் செய்யாமல் உட்கார்ந்திருந்தாள். அப்போது சொன்னேன்.

அவள் ஒரு சட்டையின் கையை நீவிவிட்டாள். பிறகு, "அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும்டி," என்றாள்.

"தெரியுமா?"

"கல்யாணமான புதுசுல பக்கத்து வீட்டுக்காரர் வண்டி நம்ம வாசலை அடைச்சுக்கிட்டு நின்னுச்சு. 'நீங்க கொஞ்சம் நகத்துங்க சார், நீங்கதான் லாரியே ஓட்டினவராச்சே'ன்னு சாவியைக் குடுத்துட்டார். இவர் உள்ள உக்காந்து எதை எதையோ இழுக்கறார். ஹேண்ட் பிரேக் எங்க இருக்குன்னு தெரியல. இறங்கி வந்து, 'வண்டி ரிப்பேர்'னுட்டார். எனக்குப் புரிஞ்சுடுச்சு."

"நீ கேக்கலையா?"

"எதுக்குக் கேக்கணும்? ஆம்பளைங்க கொஞ்சம் அளக்கறதுதான். நல்ல கதையா இருந்துச்சு, இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன். அவரா கட்டினதுன்னு நெனச்சேன். இன்னொருத்தரோடதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?" ஒரு சட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "எத்தனை தடவை அண்ணனை வெச்சுக்கிட்டே 'சொல்லுங்க, சொல்லுங்க'ன்னு நச்சரிச்சிருக்கேன். அவரும் உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்திருக்கார். அண்ணி வேற அவரைப் போட்டு வறுத்தெடுப்பாங்க."

பைகளைப் பற்றிச் சொன்னேன். சாவியைப் பற்றியும். அம்மா அந்தச் சட்டையின் பைக்குள் இரண்டு விரலை விட்டுப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. அப்பாவின் சட்டைப் பையில் என்றைக்கும் ஒன்றும் இருக்காது.

"அந்தக் கையால வந்துதான் உன்னைத் தூக்கினாரா," என்றாள்.

நாங்கள் அழவில்லை. அழுது முடித்திருந்தோம். இனி அழுவதற்கு வேறு ஒரு மனிதருக்காகப் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது. அதற்குத் தெம்பு இல்லை.

"இப்ப என்ன பண்றது?" என்றேன். "மாமா நம்ம கதையாவே சொல்லச் சொல்றார். சொல்லிட்டா அதோட முடிஞ்சுது. அவர் வாயைத் தொறக்கவே முடியாது."

"சொல்லலைன்னா?"

"அப்பா சொன்னதெல்லாம் பொய்யின்னு ஆயிடும்."

அம்மா அந்தச் சட்டையை மடித்துக்கொண்டே சொன்னாள்: "நீ படிச்சவ. என்னமோ பண்ணு. ஆனா அந்த மாடியில உங்கப்பா பேர் சிரிப்பா சிரிக்கக் கூடாது. அதை மட்டும் பாத்துக்க."

ஞாயிற்றுக்கிழமை மழை தூறியது. மாடிப்படி ஈரமாக இருந்தது. அம்மா ஒவ்வொரு படியாக நின்று ஏறினாள். அறையில் பாதி நாற்காலிகள் காலி. ஒவ்வொரு வருடமும் மடக்கியே சாத்தி வைக்கும் நாற்காலிகள் கூடுகின்றன. மாமாவும் அத்தையும் எங்களுக்கு முன் வரிசையில். மாமா திரும்பிப் பார்த்து, அப்பாவுக்குத் தலையாட்டியதைப் போலத்தான் இருக்க வேண்டும், எனக்கும் தலையாட்டினார்.

செயலாளர் கரண்டியால் டம்ளரைத் தட்டினார். நான் எழுந்தேன்.

எழுதி வைத்துக்கொள்ளவில்லை. "என் அப்பா படையில் சலவைப் பிரிவில் இருந்தார்," என்று தொடங்கினேன். "மருத்துவமனையிலிருந்து வரும் உடுப்புகளின் பைகளைப் பார்ப்பது அவர் வேலை."

யாரோ இருமினார்கள். செயலாளர் பேனாவை மூடினார்.

பைகளில் என்னென்ன இருக்கும் என்று சொன்னேன். சாவிகளைச் சொன்னேன். எடுத்த எதையும் அவர் தொலைத்ததில்லை என்று சொன்னேன். அது எனக்குத் தெரியாது. ஆனால் அவரை எனக்குத் தெரியும். சிரிக்கும்படி ஒன்றும் இல்லாததால் யாரும் சிரிக்கவில்லை. முன்னால் இருந்த ஒரு கிழவர் குனிந்து தன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"அப்போ ஆத்துக் கதை?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"அது அப்பாவிடம் நெடுநாள் இருந்தது. பத்திரமாக வைத்திருந்தார். அதைக் கொடுத்தவர் இங்கே உட்கார்ந்திருக்கிறார். வீட்டுக்காரர்கள் கடைசியாகச் சொல்ல வேண்டும் என்பது விதி. நான் அதைச் சொல்லப் போவதில்லை."

உட்கார்ந்துவிட்டேன்.

நான் யாரைச் சொல்கிறேன் என்று புரிய அவர்களுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. மாமாவின் பிடரி சிவந்திருந்தது. அவர் திரும்பவில்லை.

"உன்னை யாரும்மா சொல்லச் சொன்னது?" என்றார், சுவரைப் பார்த்து.

செயலாளர் எழுந்தார். "இது சரியில்ல. சொன்னவருக்குத்தான் சொந்தம். அவர் போயிட்டாருங்கறதுக்காக இன்னொருத்தர்…"

"செயலாளர் சார்," என்றாள் அம்மா. உட்கார்ந்தபடியே. "என் புருஷன் கதை. நான் சொல்றேன், அண்ணன் பேசட்டும்."

"விதின்னு ஒண்ணு இருக்கும்மா."

"விதி நீங்க போட்டது. மேல இருக்கறவன் போட்ட விதியில என் வீட்டுக்காரரே போயிட்டார். இதுக்கு மேல என்ன விதி?"

செயலாளர் உட்கார்ந்தார். டம்ளரைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார்.

அத்தை மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்களா?" என்றார். "ரிவர்ஸ் எடுத்தா பள்ளிக்கூடச் சுவரை இடிக்கிற ஆளு, ஆத்துக்குள்ள இறக்கினீங்களா?" நாலைந்து பேர் சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை.

மாமா எழுந்தார். எழுந்திருக்க மாட்டார் என்றுதான் நினைத்தேன். முன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நின்றார்.

மோசமாகச் சொன்னார். ஆற்றில் இறங்கிய பிறகு பாலம் உடைந்ததைச் சொன்னார். பெல்ட்டைக் கழற்றியதை மறந்து, பாதியில் ஞாபகம் வந்து திரும்பிப் போனார். அந்த லாரியின் கியர் எப்படி இருக்கும் என்பதில் மாட்டிக்கொண்டு வெளியே வரத் தெரியாமல் நின்றார். பின் வரிசையில் யாரோ, "அவர் சொன்னா எப்படி இருக்கும்," என்று முணுமுணுத்தது எல்லோருக்கும் கேட்டது.

"உதவியாளை விட்டுட்டீங்கண்ணே," என்றாள் அம்மா. "கயிறு கட்டிக்கிட்டு முன்னாடி போனானே."

"ஆமா. அவன் போனான்."

"முட்டி வரைக்கும் தண்ணி."

"முட்டி வரைக்கும். காலு மரத்துப்போச்சு. காலு ஆக்ஸிலேட்டர் மேல இருக்கா இல்லையான்னே தெரியல. குனிஞ்சு பாத்தா தண்ணி, தெரியல. சத்தத்தை வெச்சுத்தான், ஓ, காலு இருக்குன்னு."

இது அப்பாவின் கதையில் இல்லை. முணுமுணுப்பு நின்றது.

"கரை ஏறிட்டேன். அதிகாரி தொப்பி எங்கன்னு கேட்டார். தொப்பி போச்சுன்னு சொன்னேன். அவ்வளவுதான்."

அப்பா நிறுத்தும் இடத்தில் அவர் நிறுத்தவில்லை. கையும் காட்டவில்லை. யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் கை தட்டத் தொடங்கி விட்டுவிட்டார். மாமா உட்காருவதற்காக நாற்காலியைத் தடவினார்.

"அப்புறம்?" என்றார் அத்தை.

"அப்புறம் என்ன? அவ்வளவுதான்."

"அந்தப் பக்கம் பள்ளிக்கூடத்துல அடிபட்டவங்க இருந்தாங்கல்ல. வெறும் பெட்டியைக் குடுத்துட்டா வந்தீங்க? அவங்களை ஏத்திக்கிட்டுத் திரும்பி வரணுமே. எப்படித் திரும்பி வந்தீங்க?"

அந்த மாடியில் எத்தனை வருடமாக அந்தக் கதையைக் கேட்டிருக்கிறோம். அளக்கிறவள் நான், நான்கூடக் கேட்டதில்லை. தொப்பி எங்கள் எல்லோரையும் சிரிக்கவைத்து அந்தக் கரையிலேயே இறக்கிவிட்டிருந்தது.

மாமா அத்தையைப் பார்த்தார். வாயைத் திறந்தார். சுற்றிலும் இருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் கிழட்டு முகங்கள். அவற்றில் இரண்டு மூன்று கேட்க வேண்டாம் என்பது போலத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"தண்ணி ஏறியிருந்துச்சு," என்றார்.

உட்கார்ந்தார். அத்தை அவர் தோளில் இருந்த எதையோ தட்டிவிட்டார். அங்கே ஒன்றும் இல்லை.

"மிச்சத்தை வீட்டுல சொல்றேன்," என்றார் மாமா, அத்தையிடம் மட்டும்.

"சரி."

"நீ கேக்கணும்."

"கேக்கறேன், வாங்க," என்று அத்தை டீக்குக் காத்திருக்காமல் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.